உடன்குடி கருப்பட்டிக்கு எழுதிய ஸ்மார்ட் கான்ட்ராக்ட்டை டெர்மினலில் இருந்து நடத்துவது எப்படி?

பாளையங்கோட்டையில் படிக்கும் ஒரு தம்பி எனக்கு எழுதியிருந்தார். உடன்குடிப் பக்கம் பனையேறிகள் சிலர் சேர்ந்து நடத்தும் சங்கத்துக்காக சொலிடிட்டி என்ற நிரல்மொழியில் ஒரு ஸ்மார்ட் கான்ட்ராக்ட், அதாவது பிளாக்செயினில் ஓடும் நிரல், எழுதியிருக்கிறார். ஒவ்வொரு ஈடு (ஒரு தடவை காய்ச்சி இறக்குவது) கருப்பட்டியும் எந்தத் தேதியில், எந்த அடுப்பில், எத்தனை சிப்பம் வந்தது என்று எத்திரியம் என்ற பிளாக்செயினின் செப்போலியா சோதனை வலையில் பதிவாகிறது. இதுவரை பிரௌசரில் ரீமிக்ஸ் என்ற இணையக் கருவியைத் திறந்து பொத்தானை அழுத்தித்தான் எல்லா வேலையும் நடந்திருக்கிறது. போன வாரம் ஒரு பதிவை அனுப்பும்போது கரண்டு போய்விட்டது. வந்ததும் திரும்ப அனுப்பியிருக்கிறார். ஒரே ஈடு இரண்டு தடவை ஏறிவிட்டது. "அண்ணாச்சி, இதையெல்லாம் டெர்மினலில் செய்ய முடியுமா? கான்ட்ராக்ட்டைத் திருத்தினால் பழைய பதிவு என்ன ஆகும்? இந்த இரட்டைப் பதிவை எப்படித் தடுப்பது?" இதுதான் கேள்வி.

தம்பி, முடியும். ஆனால் கமாண்டை டைப் செய்து வேலை வாங்கும் டெர்மினலுக்கு ஏன் மாற வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. பொத்தானை அழுத்திச் செய்த வேலைக்கு நம் கையில் தடயம் இருக்காது. எந்த முகவரியில் ஏற்றினோம், எந்த கம்பைலர் பதிப்பு, கன்ஸ்ட்ரக்டருக்கு (ஏற்றும்போது ஒரு தடவை ஓடும் பகுதி) என்ன கொடுத்தோம் என்பதெல்லாம் பிரௌசரை மூடியதும் உங்கள் பக்கம் ஞாபகத்தில் மட்டும் மிஞ்சும். அடுத்த வருஷம் நீங்கள் சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போய்விடுவீர்கள். சங்கம் இங்கேதான் இருக்கும், கான்ட்ராக்ட்டும் இருக்கும். டெர்மினலில் செய்தால் செய்ததெல்லாம் எழுத்தாகக் கிடக்கும். அதைப் பார்த்து இன்னொருவர் அதே வேலையைச் செய்ய முடியும். நான் கற்றுக்கொடுக்க நினைப்பது அந்த ஒரு பழக்கத்தைத்தான்.

கருவிக்கு ஃபவுண்ட்ரி என்ற தொகுப்பு போதும். அதில் நமக்கு வேண்டியவை மூன்று. ஃபோர்ஜ் கம்பைல் செய்யும், சோதிக்கும், ஏற்றும். காஸ்ட் ஏற்கெனவே வலையில் இருக்கும் கான்ட்ராக்ட்டோடு பேசும். ஆன்வில் உங்கள் கணினிக்குள்ளேயே ஒரு குட்டி எத்திரியத்தை ஓட்டும். கமாண்டுகளின் உச்சரிப்பைத்தான் இங்கே எழுதுகிறேன். டைப் செய்யும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

ஆன்விலில் இருந்து தொடங்குங்கள். 'ஆன்வில்' என்று அடித்தவுடன் 8545-ஆம் போர்ட்டில் ஒரு வலை எழும்பும். பத்து கணக்குகள், ஒவ்வொன்றிலும் 10,000 பொய் ஈத்தர் (எத்திரியத்தின் நாணயம்), வலையின் அடையாள எண் 31337. இந்தப் பத்து கணக்குகளின் பிரைவேட் கீயும் (கணக்கைத் திறக்கும் ரகசியச் சாவி) உலகத்துக்கே தெரிந்தவை. ஃபவுண்ட்ரி வைத்திருக்கும் ஒவ்வொருவர் கணினியிலும் அதே பத்துதான். அந்த முகவரிகளுக்கு நிஜ வலையில் நிஜ ஈத்தரை அனுப்பினால் காத்திருக்கும் நிரல்கள் கண் இமைக்கும் நேரத்தில் எடுத்துக்கொள்ளும். பழகுவதற்கு மட்டும் அவற்றை வைத்துக்கொள்ளுங்கள். ஆன்விலுக்கு இன்னொரு திறமையும் உண்டு. 'ஃபோர்க் யூஆர்எல்' ஆப்ஷனில் செப்போலியாவின் ஆர்பிசி முகவரியை (வலையோடு பேசும் சர்வரின் முகவரி) கொடுத்தால், செப்போலியா இந்த நிமிஷம் எப்படி இருக்கிறதோ அப்படியே ஒரு நகலை உங்கள் கணினியில் எழுப்பித் தரும். அதில் உங்கள் கான்ட்ராக்ட்டும் இருக்கும், பழைய பதிவுகளும் இருக்கும். எதையும் நிஜத்தில் செய்வதற்கு முன்னால் இந்த நகலில் செய்து பாருங்கள். பின்னால் நான் சொல்லப்போகும் என் தவறை இந்த ஒரு ஒத்திகை தடுத்திருக்கும்.

கான்ட்ராக்ட்டோடு பேசுவதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் மனதில் தெளிவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 'காஸ்ட் கால்' என்பது கேட்பது. அதற்குக் காசு இல்லை, சாவி வேண்டாம், வலையில் எதுவும் மாறாது. 'காஸ்ட் சென்ட்' என்பது எழுதுவது. அதற்குச் சாவி வேண்டும், கேஸ் கட்டணம் (வலை செய்யும் வேலைக்கான கூலி) உண்டு, எழுதியபின் அழிக்க முடியாது; அப்படி அனுப்பும் ஒவ்வொன்றும் ஒரு டிரான்ஸாக்‌ஷன். என் அனுபவத்தில் ஒரு கான்ட்ராக்ட்டைப் பராமரிப்பதில் பத்தில் எட்டு பங்கு கேட்பதுதான். ஓனர் யார், எத்தனை பதிவு இருக்கிறது, 17-ஆம் ஈடு யாருடையது என்பதெல்லாம் கேள்விகள்தானே.

எழுத வேண்டிய வேலையையும் முதலில் கேள்வியாகக் கேட்டுப் பார்க்கலாம். பதிவு செய்யும் அதே ஃபங்ஷனை 'காஸ்ட் கால்' மூலம், 'ஃப்ரம்' ஆப்ஷனில் சங்கத்தின் முகவரியைக் கொடுத்து ஓட்டுங்கள். நிஜத்தில் அனுப்பினால் தோற்குமா என்பதை அது காசில்லாமல் சொல்லிவிடும். 'காஸ்ட் எஸ்டிமேட்' எவ்வளவு கேஸ் ஆகும் என்று சொல்லும். எல்லாவற்றுக்கும் முன்னால் 'காஸ்ட் செயின் ஐடி' என்று ஒரு தடவை அடியுங்கள். 11155111 என்று வந்தால் செப்போலியா. 1 என்று வந்தால் நீங்கள் நிஜ எத்திரியத்தில் நிற்கிறீர்கள். தவறான வலையில் எழுதிவிட்டு வருந்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இது மூன்று விநாடி வேலை.

இனி சாவி. இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் பல பிரைவேட் கீயைக் கமாண்டிலேயே ஒட்டச் சொல்லும். செய்யாதீர்கள். நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு வரியையும் ஷெல் ஒரு வரலாற்றுக் கோப்பில் எழுதி வைக்கிறது. கல்லூரி லேப் கணினியில் அப்படிச் செய்தால், அடுத்து அந்த நாற்காலியில் உட்கார்பவர் மேல் அம்புக்குறியை நாலு தடவை அழுத்தினால் போதும், சங்கத்தின் சாவி அவர் கண்முன் நிற்கும். 'என்வ்' கோப்பில் எழுதி வைப்பதும் அதே ஆபத்துதான். ஒரு நாள் ஞாபகமில்லாமல் நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றிவிடுவோம். 'காஸ்ட் வாலட் இம்போர்ட்' என்று அடித்து, ஒரு பெயர் கொடுத்து, 'இன்டராக்டிவ்' ஆப்ஷனைச் சேருங்கள். அது சாவியைக் கேட்கும், நீங்கள் அடிப்பது திரையில் தெரியாது. பிறகு ஒரு பாஸ்வேர்டு கேட்டு, சாவியைப் பூட்டிய கோப்பாக ஃபவுண்ட்ரியின் கீஸ்டோர் அடைவில் வைத்துவிடும். அதன்பின் எந்தக் கமாண்டிலும் 'அக்கவுண்ட்' ஆப்ஷனில் அந்தப் பெயரைக் கொடுத்தால் போதும், பாஸ்வேர்டை மட்டும் கேட்கும்.

கான்ட்ராக்ட்டை ஏற்றுவதற்கு 'ஃபோர்ஜ் கிரியேட்' என்ற ஒரே கமாண்ட் இருக்கிறது. நீங்கள் 'ஃபோர்ஜ் ஸ்கிரிப்ட்' வழியைப் பிடியுங்கள். சொலிடிட்டியிலேயே ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டுவது அது. 'பிராட்காஸ்ட்' ஆப்ஷன் இல்லாமல் ஓட்டினால் ஒத்திகை மட்டும் நடக்கும்; சேர்த்தால்தான் நிஜமாக அனுப்பும். அனுப்பியபின் 'பிராட்காஸ்ட்' என்ற அடைவுக்குள், ஸ்கிரிப்டின் பெயரிலும் வலையின் எண்ணிலும் ஒரு ஜேசன் கோப்பு விழும். எந்த முகவரியில் ஏறியது, எந்த டிரான்ஸாக்‌ஷன், என்னென்ன கொடுத்தோம் என்று எல்லாம் அதில் இருக்கும். முதலில் சொன்ன தடயம் இதுதான். சங்கத்தின் ரெப்போவில் (நிரல் கோப்புகளை வைக்கும் இடம்) அந்தக் கோப்பைச் சேமித்து வையுங்கள். 'ஃபோர்ஜ் வெரிஃபை கான்ட்ராக்ட்' மூலம் மூல நிரலை, வலையின் பதிவுகளைக் காட்டும் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் சரிபார்த்தும் வையுங்கள். மதுரையில் கருப்பட்டி வாங்கும் கடைக்காரர் உங்களைக் கேட்காமலேயே நிரலைப் படித்துக்கொள்ளலாம். கம்பைலர் பதிப்பும் ஆப்டிமைசர் எண்ணும் ஏற்றியபோது இருந்ததாகவே இருக்க வேண்டும், இல்லையென்றால் சரிபார்ப்பு ஒத்துவராது.

இப்போது கரண்டு போன கதைக்கு வருவோம். தென்காசிப் பக்கம் சாரல் காலத்தில் காற்றடித்தால் கரண்டு போகும். உங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் போகும். அது போகும் என்று வைத்துக்கொண்டுதான் நாம் எழுத வேண்டும். நடந்தது என்ன? 'அனுப்பு' என்றீர்கள். டிரான்ஸாக்‌ஷன் ஆர்பிசி சர்வருக்குப் போய்விட்டது. 'போய்ச் சேர்ந்தது' என்ற பதில் வருவதற்குள் மோடம் அணைந்தது. போகவில்லை என்று நீங்கள் நினைத்தீர்கள். கரண்டு வந்ததும் திரும்ப அனுப்பினீர்கள். முதல் டிரான்ஸாக்‌ஷனின் நான்ஸ் 42 என்றால் இரண்டாவதன் நான்ஸ் 43. வலையின் கண்ணுக்கு இரண்டும் தனித்தனி வேலை, இரண்டையும் ஒழுங்காகச் செய்துவிட்டது. அதன் மேல் குற்றம் இல்லை.

நான்ஸ் என்பது ஒரு கணக்கிலிருந்து போகும் டிரான்ஸாக்‌ஷன்களின் வரிசை எண். ஒரு எண்ணில் ஒன்றுதான் ஏற முடியும். இதை நம் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். அனுப்புவதற்கு முன் 'காஸ்ட் நான்ஸ்' என்று கேட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 42 என்றால், 'காஸ்ட் சென்ட்' அடிக்கும்போது 'நான்ஸ்' ஆப்ஷனில் 42 என்று நீங்களே கொடுங்கள். கரண்டு போய் வந்ததா? திரும்பவும் அதே 42-ஐக் கொடுத்து அனுப்புங்கள். முதலாவது ஏறியிருந்தால் இரண்டாவது 'நான்ஸ் குறைவு' என்று திரும்பிவிடும். முதலாவது போகவே இல்லையென்றால் இரண்டாவது ஏறும். எப்படியானாலும் இரண்டும் ஏற வழியில்லை. முதலாவது போய், கட்டணம் குறைவாக வைத்ததால் வரிசையில் தொங்கிக்கொண்டிருந்தால் மட்டும், மாற்றாக அனுப்புவதன் கட்டணத்தைக் கூட்டி வைக்க வேண்டும். பரவலாக ஓடும் கெத் மென்பொருள் குறைந்தது 10 சதவீதம் கூடுதலாகக் கேட்கும். ஸ்கிரிப்ட் பாதியில் நின்றால் அதே கமாண்டை 'ரெஸ்யூம்' ஆப்ஷனோடு ஓட்டுங்கள், விட்ட இடத்தில் இருந்து தொடரும்.

இது அனுப்புகிறவரின் பாதுகாப்பு. கான்ட்ராக்ட்டின் பாதுகாப்பு தனியாக வேண்டும், ஏனென்றால் சங்கத்தில் நாளை யார் கையில் கீபோர்டு இருக்கும் என்று தெரியாது. ஒவ்வொரு ஈட்டுக்கும் ஒரு அடையாள எண் வையுங்கள்: அடுப்பு எண், தேதி, அன்றைக்கு எத்தனையாவது ஈடு. அந்த எண் ஏற்கெனவே பதிவாகியிருந்தால் 'ரிவர்ட்' ஆகி, எதுவும் எழுதாமல் திரும்ப வேண்டும். ஒரு மேப்பிங், ஒரு 'ரிக்வயர்' வரி, அவ்வளவுதான். அதன்பின் எத்தனை பேர் எத்தனை தடவை அனுப்பினாலும் ஒரு ஈடு ஒரு தடவைதான் ஏறும். தோற்ற டிரான்ஸாக்‌ஷனுக்கும் கேஸ் போகும், ஆனால் கணக்கு கெடாது.

அனுப்பியபின் 'காஸ்ட் ரிசீட்' என்று டிரான்ஸாக்‌ஷன் ஹாஷை, அதாவது அதன் தனி அடையாள எண்ணை, கொடுத்துப் பாருங்கள். ஸ்டேட்டஸ் 1 என்றால் வென்றது, 0 என்றால் தோற்றது. தோற்றதற்குக் காரணம் தெரிய 'காஸ்ட் ரன்' என்று அதே ஹாஷைக் கொடுத்தால் அந்த டிரான்ஸாக்‌ஷனை உங்கள் கணினியில் மறுபடி ஓட்டி, எந்த அழைப்பில் முறிந்தது என்று வரிசையாகக் காட்டும். ஏறிய பிளாக் (பதிவுகளின் கட்டு) 'ஃபைனலைஸ்டு', அதாவது இனி மாறாதது, ஆவதற்கு ஏறக்குறைய 13 நிமிஷம் எடுக்கும். பிளாக் ஏறும் ஒரு முறைக்கு ஸ்லாட் என்று பெயர், அதற்கு 12 விநாடி, 32 ஸ்லாட் ஒரு எப்பாக், இரண்டு எப்பாக் கடக்க வேண்டும். அதற்குப் பிறகு சங்கத்தின் நோட்டில் டிக் போட்டால் போதும்.

அடுத்தது, உங்கள் நிரலைப் படித்தபோது என் கண்ணில் பட்டது. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தமிழில் பதிவு வைக்கிற எல்லோருக்கும் இது வரும். கருப்பட்டி, ஊர் என்று சரக்கின் பெயரையும் ஊர்ப் பெயரையும் தமிழில் ஸ்ட்ரிங்காக (எழுத்துத் தொடராக) சேமித்திருக்கிறீர்கள். அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் எழுத்தைப் பைட்டாக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். 'கருப்பட்டி' என்ற சொல்லில் எழுத்து, கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் சேர்த்து 10 குறியீடு, ஆக 30 பைட். சொலிடிட்டி 31 பைட் வரையான ஸ்ட்ரிங்கை ஒரே ஸ்டோரேஜ் ஸ்லாட்டில் (கான்ட்ராக்ட்டின் சேமிப்பறை; மேலே சொன்ன 12 விநாடி ஸ்லாட் வேறு) அடக்கிவிடும், அதனால் கருப்பட்டி ஒரு பைட் மிச்சத்தோடு உள்ளே உட்கார்ந்துவிடுகிறது. 'திருநெல்வேலி'க்கு 12 குறியீடு, 36 பைட். அது அடங்காது: நீளத்துக்கு ஒரு ஸ்லாட், எழுத்துக்கு இரண்டு, ஆக மூன்று. வெறுமையாக இருந்த ஸ்லாட்டில் முதன்முதலாக எழுத 22,100 கேஸ். கருப்பட்டிக்கு 22,100 என்றால் திருநெல்வேலிக்கு 66,300. டிரான்ஸாக்‌ஷனின் அடிப்படைக் கட்டணமே 21,000 கேஸ்தான் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே ஊர்ப் பெயரை ஒவ்வொரு ஈட்டிலும் எழுதுவது வீண். ஊருக்கு ஒரு எண் கொடுத்து, பெயரை ஒரு தடவை மட்டும் எழுதுங்கள்.

விவரங்களை ஈவென்ட்டாக, அதாவது வலையில் விடும் குறிப்பாக, வெளியிடுவது இன்னும் மலிவு. ஈவென்ட்டில் ஒரு பைட்டுக்கு 8 கேஸ்தான், மேலே ஈவென்ட் ஒன்றுக்கு 375, டாபிக் (தேடுவதற்கான குறி) ஒன்றுக்கும் 375. கான்ட்ராக்ட்டே திரும்பப் படிக்க வேண்டியவற்றை, அதாவது அடையாள எண்ணையும் பதிந்தவரையும், ஸ்டோரேஜில் வையுங்கள். மனிதர் படிக்க வேண்டியவற்றை ஈவென்ட்டில் விடுங்கள். 'காஸ்ட் லாக்ஸ்' கமாண்டில் தொடக்க பிளாக் எண்ணும் ஈவென்ட்டின் வடிவமும் கொடுத்தால் எல்லாம் வரிசையாக வரும். அந்த பிளாக் எண்ணையும் ரெப்போவில் குறித்து வையுங்கள், இலவச ஆர்பிசி சேவைகள் நீண்ட தூரம் பின்னால் தேட விடாது.

தமிழில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, இதில் நான் ஒரு முழு நாளை இழந்தேன். 'கொக்கிரகுளம்' என்று எழுதுகிறோம். அதில் 'கொ'வின் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்த இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பைட்டில் ஒன்று 36, மற்றொன்று 39. கெச்சாக்-256 ஹாஷ் (பைட்டுகளிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) எடுத்தால் இரண்டுக்கும் துளியும் சம்பந்தம் இருக்காது. ஒரு போனில் டைப் செய்த பெயரும் ஒரு கணினியில் டைப் செய்த பெயரும் ஒத்துப்போகவில்லை என்று கான்ட்ராக்ட்டை மாற்றி மாற்றிப் பார்த்தேன், பிழை அங்கே இல்லை. ஹாஷ் எடுப்பதற்கு முன் எல்லா எழுத்தையும் யூனிகோடின் என்எஃப்சி என்ற சீரான வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். டெர்மினல் திரையில் கொம்பும் காலும் பிரிந்து அலங்கோலமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பல டெர்மினல்களுக்குத் தமிழைச் சேர்த்து வரையத் தெரியாது, பைட் சரியாகத்தான் போகும். நிரலுக்குள்ளேயே தமிழ் எழுதினால் மட்டும் மேற்கோள் குறிக்கு முன் 'யூனிகோட்' என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும், 0.7.0 பதிப்பிலிருந்து அது கட்டாயம்.

திருத்தம் பற்றிக் கேட்டீர்கள். ஏற்றிய நிரல் மாறாது. மாற்ற வேண்டும் என்றால் இரண்டு வழி. ஒன்று, புதிதாக ஒன்றை ஏற்றி, இனிமேல் அங்கே எழுதுவது. பழையது அப்படியே படிக்கக் கிடைக்கும். மற்றொன்று பிராக்ஸி: முகவரியும் பதிவுகளும் ஒரு கான்ட்ராக்ட்டில் இருக்கும், வேலை செய்யும் நிரல் இன்னொன்றில் இருக்கும், இரண்டாவதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். உங்கள் வேலைக்குப் பிராக்ஸி வேண்டாம் என்பதுதான் என் கருத்து. நீங்கள் நடத்துவது ஒரு பதிவேடு. புவிசார் குறியீடு பெற்ற உடன்குடி கருப்பட்டி என்று நம்பி ஒருவர் கூடுதல் விலை கொடுக்கிறார். பதிவேட்டின் விதியையே ஒரு சாவி வைத்திருப்பவர் ராத்திரியில் மாற்றலாம் என்றால் அந்த நம்பிக்கைக்கு அர்த்தம் என்ன? சீசனுக்கு ஒரு கான்ட்ராக்ட் வையுங்கள். பங்குனி, சித்திரையில் பதநீர் பெருகுவதற்கு முன் புதியதை ஏற்றுங்கள், அதில் பழையதன் முகவரியை ஒரு மாறியில் எழுதுங்கள். ஒன்றிலிருந்து ஒன்றாகப் பின்னோக்கி நடந்தால் எல்லா வருஷமும் கிடைக்கும்.

பிராக்ஸியில் எனக்கு விழுந்த அடியையும் சொல்கிறேன். பத்தமடைப் பாய்களுக்கு இதேபோல ஒரு பதிவு முறையைச் சோதனை வலையில் செய்துகொண்டிருந்தேன். முதல் பதிப்பில் ஸ்லாட் 0-இல் ஓனர், ஸ்லாட் 1-இல் பாய்களின் எண்ணிக்கை. இரண்டாம் பதிப்பில் 'வருஷம்' என்று ஒரு மாறியை எல்லாவற்றுக்கும் மேலே சேர்த்தேன், படிக்க அழகாக இருக்கும் என்று. பிராக்ஸியில் பழைய எண்கள் அதே ஸ்லாட்டில்தான் கிடக்கும். புதிய நிரல் வேறு பெயரில் அவற்றைப் படிக்கும். ஸ்லாட் 0-இல் இருந்த ஓனர் முகவரியை வருஷம் என்று படித்தது. ஸ்லாட் 1-இல் இருந்த 412 என்ற எண்ணிக்கையை ஓனரின் முகவரி என்று படித்தது. 'காஸ்ட் கால்' போட்டு ஓனரைக் கேட்டால் முப்பத்தேழு பூஜ்யமும் கடைசியில் 19சி-யும் வந்தது. பதினாறின் அடிமானத்தில் 412-தான் அது. அந்த முகவரிக்குச் சாவி யாரிடமும் இல்லை. அப்கிரேட் செய்யும் உரிமையும் ஓனரிடமே இருந்ததால் திரும்பிப் போகவும் வழி இல்லாமல் போயிற்று.

நிரலை மாற்றுவதற்கு முன் 'ஃபோர்ஜ் இன்ஸ்பெக்ட்' கமாண்டில் இரண்டு பதிப்புகளின் ஸ்டோரேஜ் லேஅவுட்டையும் எடுத்து வரிக்கு வரி ஒப்பிட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். புதிய மாறியை எப்போதும் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். பிராக்ஸிக்குப் பின்னால் இருக்கும் நிரல் கான்ட்ராக்ட்டை 'இனிஷியலைஸ்' செய்யாமல், அதாவது ஓனரைக் குறிக்காமல், திறந்து விடுவதும் ஆபத்து. 2017 நவம்பரில் பாரிட்டி வாலட்டில் (ஈத்தரை வைத்திருக்கும் கணக்கு) நடந்தது அந்த வகைதான். பல வாலட்டுகள் நம்பியிருந்த பொது லைப்ரரி ஓனரே இல்லாமல் கிடந்தது. யாரோ ஒருவர் தன்னை ஓனர் ஆக்கிக்கொண்டு அதை அழிக்கும் ஃபங்ஷனை அழைத்தார். 5,13,000-க்கு மேற்பட்ட ஈத்தர் அதோடு முடங்கியது. ஓப்பன்செப்பலின் என்ற ஆயத்த நிரல் தொகுப்பைப் பயன்படுத்தினால் கன்ஸ்ட்ரக்டரில் 'டிசேபிள் இனிஷியலைசர்ஸ்' வரியை விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் நிரலில் பனையேறியின் பெயரும் போன் எண்ணும் 'பிரைவேட்' மாறியில் இருக்கின்றன. பிரைவேட் என்ற சொல் மற்ற கான்ட்ராக்ட்டுகளிடமிருந்துதான் மறைக்கும். 'காஸ்ட் ஸ்டோரேஜ்' என்று முகவரியையும் ஸ்லாட் எண்ணையும் கொடுத்தால் யாருக்கும் அது தெரியும், நான் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அந்த எண்களை அழிக்க முடியாது. மதிப்பைப் பூஜ்யம் ஆக்கினாலும் பழைய டிரான்ஸாக்‌ஷனில் கிடக்கும். பனையேறிகள் இதற்குச் சம்மதித்தது கருப்பட்டிக்கு நல்ல விலை கிடைக்கும் என்றுதான். போன் எண்ணை உலகத்துக்குக் கொடுக்க அவர்கள் சம்மதிக்கவில்லை. புதிய கான்ட்ராக்ட்டில் அடுப்பு எண் மட்டும் போகட்டும். எந்த எண் யாருடையது என்பது சங்கத்தின் நோட்டில் இருக்கட்டும். பழையது சோதனை வலையில் இருப்பது ஒரு ஆறுதல், ஆனாலும் அவர்களிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள்.

சீனி கலந்த கருப்பட்டியை இந்தக் கான்ட்ராக்ட் கண்டுபிடிக்காது என்பதையும் வாங்குகிறவர்களிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். இன்ன அடுப்புக்காரர் இன்ன தேதியில் இத்தனை சிப்பம் என்று சொன்னார், பிறகு யாரும் மாற்றவில்லை: அதற்குத்தான் இது சாட்சி. ஒரே பனையேறி ஒரு நாளில் ஏறக்கூடிய மரத்துக்கு மீறிய சிப்பம் பதிவானால் எல்லோர் கண்ணிலும் படும். அந்த அளவுக்கு அது உதவும்.

செப்போலியாவை விட்டு நிஜ வலைக்குப் போகும்போது ஈத்தர் வாங்க வேண்டியிருக்கும். 2022 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் இத்தகைய சொத்துகளின் லாபத்துக்கு 30 சதவீத வரியும், அதே வருஷம் ஜூலை 1 முதல் கைமாறும்போது 1 சதவீத டிடிஎஸ்ஸும் உண்டு. சங்கத்தின் ஆடிட்டரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

கடைசியாக, ஓனர் யார் என்ற விஷயம். இப்போது உங்கள் சொந்த வாலட்தான் ஓனர். அதை மாற்றுங்கள். சங்கத்தில் மூன்று பேர் பெயரில் மூன்று சாவி, அதில் இரண்டு பேர் ஒப்பினால்தான் எதுவும் நடக்கும் என்று சேஃப் என்ற கருவியில் ஒரு மல்டிசிக் (பலர் ஒப்ப வேண்டிய வாலட்) வையுங்கள். பதிவு எழுதும் அன்றாட உரிமையை மட்டும் தனி முகவரிக்குக் கொடுங்கள். அது தொலைந்தால் மல்டிசிக் அதை நீக்கிவிட்டு வேறொன்றைச் சேர்க்கலாம். மூன்று பேரும் சாவியின் மீட்புச் சொற்களைக் காகிதத்தில் எழுதி, ஒரே ஊரில் வைக்காமல் பிரித்து வைக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதும், தாமிரபரணி ஊருக்குள் வந்ததும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் நண்பர் ஒருவர் வீட்டில் பீரோவின் கீழ்த் தட்டில் இருந்த காகிதம் முழுதும் கூழாகிவிட்டது. லேப்டாப்பும் அதே அறையில்தான் இருந்தது. ஒரு பிரதி உடன்குடியில் இருந்தால் மற்றொன்று பாளையங்கோட்டையில் மாடியில் இருக்கட்டும்.

உரிமையை மாற்றும்போது ஓப்பன்செப்பலினின் 'ஓனபிள் டூ ஸ்டெப்' முறையைப் பிடியுங்கள். சாதாரண முறையில் முகவரியில் ஒரு எழுத்து பிசகினாலும் உரிமை ஆளில்லாத முகவரிக்குப் போய்விடும். இந்த முறையில் நீங்கள் 'டிரான்ஸ்ஃபர் ஓனர்ஷிப்' அனுப்பினாலும், அவர்கள் பக்கமிருந்து 'அக்செப்ட் ஓனர்ஷிப்' வரும்வரை எதுவும் மாறாது. சங்கத்துக்கு நேரில் போய், பொறுப்பாளர்கள் இருவர் அவரவர் கருவியில் ஒப்புக்கொள்வதைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். 13 நிமிஷம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, அவர்களில் ஒருவரையே கீபோர்டில் உட்கார வைத்து 'காஸ்ட் கால்' அடித்து ஓனரைக் கேட்கச் சொல்லுங்கள். திரையில் மல்டிசிக்கின் முகவரி வர வேண்டும். வந்தால் அந்த வரியை அப்படியே சங்கத்தின் நோட்டில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.